சேலத்திலிருந்து டொராண்டோவுக்கு

கோயம்புத்தூரிலிருந்து சேலத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலை, பீளமேட்டின் ஆலைகளையும் கல்லூரிகளையும் கடந்து, அவிநாசியையும் பெருந்துறையையும் தொட்டு, பவானிக்கும் குமாரபாளையத்துக்கும் இடையே காவிரியைத் தாண்டி, 1805ஆம் ஆண்டில் தீரன் சின்னமலையை வெள்ளையர் தூக்கிலிட்ட சங்ககிரித் துர்க்கத்தின் அடிவாரமாகச் சேலத்தை அடைகிறது. ஆனி மாதத்தில் இந்தச் சாலையில் பிரயாணம் செய்வது ஒரு தனிச் சுகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேற்குக் காற்று, கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளின் மீதும், அவற்றினிடையே ஒற்றை ஒற்றையாக நிற்கும் பனைகளின் மீதும், தலை குனிந்து மேயும் செம்மறிகளின் மீதும் ஓயாமல் வீசி, வெயிலின் உக்கிரத்தைத் தணித்துவிடுகிறது.

என்னோடு வந்தவர்கள் என் அக்காளும், அவள் மகளும், மாப்பிள்ளையும். மகளும் மாப்பிள்ளையும் கனடா தேசத்தின் டொராண்டோ நகரத்தில் உத்தியோகம் பார்ப்பவர்கள். விவாகமாகிப் பல ஆண்டுகள் புத்திரப்பேறு இல்லாமல், வைத்தியத்திலும் விரதத்திலும் காலத்தைக் கழித்தபின், பெற்றால்தான் பிள்ளையா என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டு, சேலம் மாவட்டத்திலுள்ள ஒரு தத்துவள மையத்தில் வளர்ந்துவரும், ஒரு வயதைக் கடந்த பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளத் தாய்நாடு வந்திருந்தார்கள்.

கடல் கடந்து வாழ்பவர்கள் இந்நாட்டுக் குழந்தையைத் தத்தெடுப்பது, கோயிலில் சங்கல்பம் செய்து மடியில் வாங்கிக்கொள்ளும் பழைய காலத்துக் காரியமன்று. ஒன்டாரியோ மாகாணத்தில் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தார் அவர்கள் வீட்டுக்கு வந்து, அவர்களுடைய வருமானம், தேக ஆரோக்கியம், மனநிலை, அக்கம்பக்கத்தாரின் சாட்சியம் அனைத்தையும் விசாரித்து இல்ல ஆய்வறிக்கை எழுதினார்கள். அது தில்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் கணினிப் பதிவேட்டில் ஏறியது. அயல்நாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கு உள்நாட்டில் வாழ்பவர்களோடு சமமான வரிசையையே விதிகள் வகுத்திருப்பதால், அந்த நீண்ட வரிசையில் அவர்களும் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு நாள் குழந்தையின் புகைப்படமும், அவளைப் பற்றிய ஆய்வறிக்கையும், வைத்தியர் சான்றும் வந்து சேர்ந்தன. அந்தப் புகைப்படத்தை அக்காளுக்கு அனுப்பியபோதுதான், குடும்பத்தில் எல்லோரும் உள்ளுக்குள் வைத்திருந்த கேள்வி வெளியே வந்தது.

"புள்ள எந்தக் கூட்டமோ என்னமோ, நம்ம கோயில்ல சேத்துக்குவாங்களா தம்பி?" என்று அக்காள் என்னைக் கேட்டாள்.

கொங்கு நாட்டு வேளாளர் குடும்பங்களில் கூட்டம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியூர் அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் குலதெய்வமும் அதற்கொரு கோயிலும் உண்டு. ஒரே கூட்டத்தார் பங்காளிகளாதலால் அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. ஆகவே அக்காள் கேட்டது வெறும் ஜாதிப் பற்றினால் மட்டும் எழுந்த கேள்வியன்று. பேத்தி எந்தக் கோயிலில் முடியிறக்குவாள், யார் மடியில் வைத்துக் காது குத்துவது, நாளைக்கு அவளுக்கு யார் சீர் செய்வார்கள் என்ற கவலைகளெல்லாம் அதில் அடங்கியிருந்தன. மாப்பிள்ளையின் குலக்கோயிலில் மூத்தவர் ஒருவரிடம் இதை மெதுவாகப் பிரஸ்தாபித்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கைக்கு வந்து சேந்த புள்ள அம்மன் குடுத்ததுங்க. அப்பன் கூட்டந்தான் புள்ள கூட்டம். இதுல கேக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சட்டமும் அதையே சொல்கிறது. தத்து உத்தரவான நாள் முதல் அக்குழந்தை சகல விஷயங்களிலும் தத்தெடுத்தவர்களின் குழந்தையே. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் வரும்வரை, ஈமக்கடன் செய்யவும் வமிசம் விளங்கவும் ஆண் மகவைச் சுவீகாரம் எடுப்பதே பெருவழக்காயிருந்தது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம், பெண்ணொருத்தி தன் சொந்த உரிமையிலேயே தத்தெடுக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது அந்தச் சட்டந்தான். அதே சட்டத்தில் ஒரு சிறிய விதிவிலக்கு உண்டு: பிறந்த குடும்பத்தில் இருந்திருந்தால் யாரை மணக்கக் கூடாதோ, அவர்களைத் தத்துப் போன பின்னும் மணக்கலாகாது. உறவுகள் அனைத்தையும் அறுத்துவிட்ட சட்டம் இந்த ஒரு விஷயத்தில் பிறப்பை மறக்கவில்லை. பிறந்த இடம் இன்னதென்று யாருமே எழுதி வைக்காவிட்டால், இந்த விதிக்குத்தான் என்ன பொருள்?

காரில் போகும்போது எங்கள் பேச்சு இதைச் சுற்றியே இருந்தது. குமாரபாளையத்தில் தறிகளின் ஓசை சாலை வரைக்கும் கேட்டது. சங்ககிரிக்கு அப்பால் குன்றுகள் தலைகாட்டத் தொடங்கியதும் அக்காள் மௌனமாகிவிட்டாள்.

சேலத்தின் பெயரைச் சொன்னால் மாம்பழமும் எஃகும் நினைவுக்கு வருவது போல, ஒரு காலத்தில் வேறொன்றும் நினைவுக்கு வந்தது. சேலம், தர்மபுரி ஜில்லாக்களிலும் மதுரைச் சீமையின் உசிலம்பட்டிப் பக்கத்திலும், பிறந்த பெண் சிசுவைக் கள்ளிப்பாலோ நெல்மணியோ கொடுத்துக் கொன்றுவிடும் கொடுமை நிகழ்ந்ததைப் பத்திரிகைகள் எண்பதுகளில் வெளிக்கொணர்ந்தன. அதன் விளைவாக, 1992ஆம் ஆண்டில், முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள், யாரென்று கேட்க மாட்டோம் என்பதே அத்திட்டத்தின் சாரம். பெற்றவர்களுக்குப் பொறுப்பில்லாமற் போய்விடும் என்று அந்நாளில் ஆட்சேபம் கூறிய பெரியோர்கள் உண்டு. அவர்களுடைய வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் தொட்டிலில் விடப்பட்ட குழந்தை உயிரோடிருக்கிறது என்பதற்கு முன்னால் எந்த வாதமும் நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கிலேகூட, ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குச் சேலத்தில் 851 பெண் குழந்தைகளும், தர்மபுரியில் 826 பெண் குழந்தைகளுமே இருந்தார்கள். இன்று கொங்கு நாட்டுக் குடியானவ வீடுகளில் மணப்பருவம் கடந்த பிள்ளைகளுக்குப் பெண் தேடிப் பாலக்காட்டுக்கும் அதற்கப்பாலும் தரகர்கள் அலைகிறார்களே, அவர்கள் தேடுகிற பெண்களில் எத்தனையோ பேர் அந்தக் கணக்கில் சேராமற்போனவர்கள்.

நாங்கள் அழைத்துவரப் போன குழந்தையும் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் தொட்டிலில் கிடந்தவள். தொட்டிலில் கண்டெடுத்த சிசுவை உடனே யாரிடமும் கொடுத்துவிட முடியாது. குழந்தைகள் நலக் குழுவின் முன் அவளைக் கொண்டுபோக வேண்டும். போலீஸார் பெற்றோரைத் தேட வேண்டும். பத்திரிகையில் படத்தோடு அறிவிப்பு வெளியிட வேண்டும். உரியவர்கள் வராவிடில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையானால் இரண்டு மாதங்களுக்குள், இவள் தத்துக்குச் சட்டபூர்வமாகத் தகுதியானவள் என்று அக்குழு பிரகடனம் செய்ய வேண்டும். தாமே முன்வந்து ஒப்படைக்கும் பெற்றோருக்கும் மனம் மாறுவதற்கென்று 60 நாள் தவணை உண்டு. வறுமையிலோ அவமானத்திலோ ஒரு கணத்தில் செய்த முடிவை ஒரு தாய் இரண்டு மாதங்கள் மறுபடி மறுபடி எண்ணிப் பார்க்கட்டும் என்று சட்டம் காத்திருப்பது, சட்டங்களில் அரிதாகக் காணப்படும் கருணை.

மையம் ஒரு சாதாரணமான ஓட்டு வீடு; முற்றத்தில் ஒரு வேப்பமரம்; கொடியில் வரிசையாகச் சின்னச் சின்னத் துணிகள். உள்ளே நுழைந்ததும் பாலும் டெட்டாலும் கலந்த வாசனை. குழந்தையை இடுப்பில் தூக்கி வந்த ஆயா ஐம்பது வயதைத் தாண்டியவள். குழந்தையின் கையில் வசம்பு வளையல். இடுப்பில் கறுப்பு அரைஞாண். கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. புகைப்படத்தில் பார்த்ததைவிட நிறம் மங்கலாகவும், கண்கள் பெரியனவாகவும் இருந்தன. அக்காளின் மகளான என் மருமகள் இரண்டு கைகளையும் நீட்டினாள். குழந்தை அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, ஆயாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவளுடைய ரவிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மருமகளின் முகம் வாடிவிட்டது. ஆயா சிரித்தாள். "மொதல்ல எல்லாம் அப்படித்தாம்மா. நீங்க பக்கத்துல சும்மா குந்துங்க. அவளா வருவா" என்று சொல்லி, பாயில் உட்கார்ந்து, கிண்ணத்தில் இருந்த பருப்புச் சாதத்தை மருமகளின் கையில் கொடுத்தாள். வெகு நேரம் கழித்து, பசியும் ஆவலும் உந்த, குழந்தை ஆயாவின் மடியில் இருந்தபடியே புதிய கையிலிருந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டது. அடுத்த வாய்க்குத் தானே வாயைத் திறந்தது. மாப்பிள்ளை வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போலிருந்தேன்.

புறப்படும்போது, கனடாவிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட புதுச் சட்டையை மருமகள் எடுத்தாள். ஆயா அதைத் தடுக்கவில்லை. ஆனால் குழந்தை வழக்கமாகப் போர்த்திக்கொண்டு தூங்கும் பழைய கைத்தறித் துண்டு ஒன்றைச் சுருட்டிப் பையில் வைத்தாள். "இதைத் தொவைக்காம நாலு நாளைக்கு வெச்சுக்கோங்கம்மா. வாசம் தெரிஞ்சா ராத்திரியில அழ மாட்டா" என்றாள். குழந்தை மனோதத்துவம் என்று பெரிய நூல்களில் எழுதியிருப்பதை, அந்த மூதாட்டி எத்தனை குழந்தைகளை வழியனுப்பிக் கற்றுக்கொண்டாளோ! அவள் வாசற்படி தாண்டி வரவில்லை.

ஆணையத்தின் தடையின்மைச் சான்று கைக்கு வந்துவிட்டபடியால், மாவட்ட ஆட்சியரின் தத்து உத்தரவு பிறக்கும்வரை குழந்தையைப் பராமரிப்புக்காக எங்கள் வீட்டில் வைத்திருக்க விதி இடங்கொடுத்தது. முன்பு நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை 2022 செப்டம்பர் முதல் ஆட்சியர்களே பிறப்பிக்கிறார்கள்.

திரும்பி வரும் வழியில் பவானிக் கூடுதுறையில் சற்று நின்று சங்கமேசுவரரைத் தரிசித்தோம். அவிநாசியை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அக்காள் அங்கே இறங்கியே ஆகவேண்டும் என்றாள். அவள் மனத்திலிருந்ததை நான் அறிவேன். அந்தத் தலத்தின் கதை கொங்கு நாட்டுக் குழந்தைகள் யாவருக்கும் தெரிந்தது. சுந்தரமூர்த்தி நாயனார் அவிநாசிக்கு எழுந்தருளியபோது, ஒரு வீட்டில் உபநயனத்தின் மங்கல வாத்தியமும், எதிர்வீட்டில் அழுகுரலும் ஒருங்கே கேட்டன. ஒத்த வயதுடைய இரு சிறுவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் குளத்தில் நீராடியபோது ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல் கல்யாணம் நடக்க, இழந்தவர்கள் தம் மகனுக்கும் இந்நாள் வந்திருக்குமே என்று அழுகிறார்கள். சுந்தரர் குளக்கரையில் நின்று பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. அவன் மறைந்த வயதினனாக வரவில்லை. இடையே கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சி முழுவதையும் பெற்றவனாக வந்தான்.

கதையின் இந்தக் கடைசிப் பகுதியே என் நெஞ்சைப் பற்றிக்கொண்டது. கொங்கு மண்ணிலிருந்து கைக்குழந்தைகளாகக் கடல் கடந்து சென்றவர்கள், முப்பது நாற்பது வயது ஆணும் பெண்ணுமாக, தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர்களாக, கையில் ஒரு மஞ்சளேறிய காகிதத்தோடு இன்று திரும்பி வருகிறார்கள். வளர்ந்து வந்த மகனைத் தாய் அடையாளம் கண்டுகொண்டதாகப் புராணம் கூறும். நம் காலத்தில் அந்த அடையாளத்தை ஏடுகள்தாம் காட்ட வேண்டும்.

இதை நினைத்தே, அடுத்த வாரத்தில் அவர்களைப் போத்தனூருக்கு அழைத்துச் சென்றேன். நொய்யலுக்குத் தெற்கே, இன்று கோவை மாநகரத்தின் ஒரு பகுதியாகிவிட்ட அவ்வூர், சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற ரயில்பாதை 1862இல் நிறைவெய்திய காலந்தொட்டு ரயில்வே ஊர். கனடாவுக்கும் போத்தனூருக்கும் ஓர் அபூர்வமான பந்தம் உண்டு. மான்ட்ரியல் நகரத்தில் சாண்ட்ரா சிம்ஸன் என்ற அம்மையாரும் அவருடைய தோழிகளும் எழுபதுகளின் தொடக்கத்தில் 'ஃபேமிலிஸ் ஃபார் சில்ட்ரன்' என்ற சங்கத்தை ஸ்தாபித்தார்கள். வங்கதேச யுத்தத்தில் நிர்க்கதியாகிய சிசுக்களில் பதினைந்து பேரை 1972 ஜூலையில் டாக்காவிலிருந்து கனடாவுக்கு அழைத்துச் சென்றது அந்தச் சங்கமே. அன்னை தெரசாவின் கன்னிமாடத்தார் காத்து வைத்திருந்த குழந்தைகள் அவர்கள். வியட்நாமிலும் கம்போடியாவிலும் தொண்டாற்றிய அச்சங்கம் பிற்பாடு போத்தனூரிலும் ஓர் அநாதைக் குழந்தைகள் இல்லத்தை நிறுவி நடத்தியது. யுத்தமுமில்லாத, பூகம்பமுமில்லாத இந்த அமைதியான ஊரில் அவர்களுக்கு வேலை இருந்தது என்பது நம் சமூகத்தைப் பற்றி நாமே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

டொராண்டோவில் என் மருமகளுடன் வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் குழந்தைப் பருவத்தில் இப்பக்கத்திலிருந்து தத்துப் போனவர். அவருடைய காகிதங்களில் ஊர்ப்பெயர் மட்டுமே இருக்கிறதாம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துக்களாக எழுதியிருக்கும் ரயில் நிலையப் பெயரைப் படம் பிடித்து வரும்படி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடைமேடையின் கோடி வரைக்கும் நடந்துபோய், பலகையைப் பல கோணங்களில் படம் எடுத்தாள். பிறகு நாங்கள் கேளாமலே, பலகையின் அடியில் கிடந்த ஒரு சிறு கருங்கல்லையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

அந்த நாட்களில் சட்டம் வேறாயிருந்தது. 1956ஆம் ஆண்டின் சட்டம் அயல்நாட்டாருக்குப் பயன்படாதபடியால், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ்க் குழந்தையின் பாதுகாவலராக நியமனம் பெற்று அழைத்துப் போய், தம் தேசத்தில் தத்தெடுத்துக்கொள்வார்கள். இதில் நேர்ந்த முறைகேடுகளைக் குறித்து லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதியின் தீர்ப்பாக மலர்ந்தது. குழந்தைக்கு முதலில் சொந்த தேசத்திலேயே ஒரு வீடு தேட வேண்டும், கிடைக்காவிடில்தான் வெளிநாடு என்ற நெறியை நிலைநாட்டியது அந்தத் தீர்ப்பு. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின்னுங்கூட, சென்னையில் ஏழைகளின் குழந்தைகளைத் திருடி விற்று அயல்நாடுகளுக்குத் தத்தனுப்பிய கொடுமை 2005இல் வெளிப்பட்டதை மறந்துவிடலாகாது. தன் குழந்தை உயிரோடு வேறொரு கண்டத்தில் வேறொரு பெயரில் வளர்கிறது என்று பத்திரிகை மூலம் அறிந்த தாய்மாரின் நிலையை எண்ணினால் நெஞ்சு பதைக்கிறது.

உலகம் முழுவதுமே இந்த விஷயத்தில் இன்று மனச்சாட்சியைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறது. 2004ஆம் ஆண்டில் தேசம் விட்டுத் தேசம் தத்துப் போன குழந்தைகள் சுமார் 45,000. இன்று அந்தத் தொகை மிகச் சிறிதாகிவிட்டது. சீனா 2024இல் அயல்நாட்டுத் தத்தை நிறுத்திவிட்டது. தென் கொரியாவில் உண்மை ஆணையம் 2025இல், பல குழந்தைகளின் பிறப்பு ஏடுகள் பொய்யாகப் புனையப்பட்டன என்று அறிவித்தது. நம் நாட்டில் 2024-25இல் பதிவான 4,515 தத்துகளில் 4,155 உள்நாட்டிலேயே நிகழ்ந்தவை. அது நல்லதே. ஆயினும் வழி முழுவதையும் அடைத்துவிட வேண்டும் என்று கூறுவோரோடு என்னால் உடன்பட முடியவில்லை. குழந்தையைக் கெடுத்தது கடலின் தூரமன்று, பொய்யான காகிதம். உண்மையை எழுதி, எழுதியதைக் காத்து, கேட்கும் நாளில் மறைக்காமல் கொடுப்பவர்கள் இருந்தால், டொராண்டோவும் பொள்ளாச்சியும் ஒரு குழந்தைக்கு ஒன்றுதான். பதினெட்டு வயது நிரம்பிய தத்துப் பிள்ளை தன் வேரைத் தேடத் தத்தெடுப்பு ஆணையத்தை அணுகலாம் என்று இன்றைய விதிகள் கூறுகின்றன. பெற்ற தாயின் இரகசியத்தையும் அதே விதிகள் காக்கின்றன. இரண்டுக்கும் இடமளித்திருப்பது நியாயமானது. தேடி வருபவரிடம் நம் அலுவலகங்களும் நம் ஊர்க்காரர்களும் முகம் கொடுத்துப் பேசினால்தான் அந்த விதிக்கு உயிர் உண்டாகும்.

ஆட்சியரின் உத்தரவு வந்தது. பிறப்புச் சான்றும், கடவுச்சீட்டும், கனடாவின் நுழைவு அனுமதியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதற்குள் குழந்தை, ஆயா சொன்னது போலவே, பழைய துண்டை ஒரு கையிலும் தாயின் சேலைத் தலைப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகியிருந்தாள். அக்காளை 'அமுச்சி' என்று அழைக்கக் கற்பித்தார்கள்; அவள் வாயில் அது 'முச்சி' என்று வந்தது. மாப்பிள்ளையின் குலக்கோயிலில் முடியிறக்கினோம். தாய்மாமன் இல்லாத குறையைப் போக்க, நானே அவளை மடியில் வைத்துக்கொள்ள, ஆசாரி காது குத்தினார். ஊரே கேட்கும்படி அழுதாள்.

பயணத்துக்கு முந்தின இரவு, மாப்பிள்ளை ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நலக் குழுவின் பிரகடனப் பிரதி, பத்திரிகை அறிவிப்பின் நறுக்கு, மையத்தின் வாசலையும் வேப்பமரத்தையும் எடுத்த படங்கள், ஆயாவின் படம், ஆஸ்பத்திரியின் பெயரும் தெருவும் தேதியும் எழுதிய தாள் ஆகிய எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினார்.

"இதெல்லாம் எந்த வயசுல காட்டறதுங்க மாமா?" என்று மருமகள் கேட்டாள்.

"ஒளிச்சு வெச்சாத்தான் அம்மிணி, எப்பக் காட்டறதுங்கற கேள்வியே வரும். அவ கைக்கெட்டற எடத்துல வெச்சிரு" என்றேன்.

பீளமேட்டு விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் தத்து உத்தரவையும் ஆணையத்தின் ஒத்திசைவுச் சான்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். மருமகளுக்குக் கை நடுங்கியது. எனக்கோ அவர் அவ்வளவு நிதானமாகப் பார்த்தது பெருத்த திருப்தியைத் தந்தது. விதிப்படி முதல் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும் குழந்தையின் வளர்ச்சி பற்றிய அறிக்கையைப் படத்தோடு அங்குள்ள நிறுவனத்தார் அனுப்ப வேண்டும். முதல் அறிக்கை ஐப்பசியில் வரும். அதன் பிரதியொன்றைச் சேலத்து ஆயாவுக்குப் படித்துக் காட்டுவதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.